"சார், பசியாறியாச்சா?": ஆய்வாளரை இயங்கலையில் வகுப்பறைக்கு அழைத்து வருவது எப்படி

ஆய்வாளரோடு எங்கள் முதல் இணையவழிச் சந்திப்பு ஒரு சொதப்பல். அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நியாயம்.

நான் மலேசியாவில், பினாங்கு பெருநிலத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். கோவிட் காலத்தில் வீட்டிலிருந்தே பாடம் நடத்தியதில் கூகிள் மீட் எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. பள்ளி திறந்த பிறகு, பழகியதை ஏன் வீணாக்க வேண்டும் என்று ஒரு பல்கலைக்கழக ஆய்வாளரை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளோடு பேச அழைத்தேன். மனிதர் தங்கமானவர். ஆனால் 42 ஸ்லைடுகளோடு வந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எங்கள் பக்கத்தில் வரவேற்புரை, வாழ்த்துரை என்று 12 நிமிடம் போய்விட்டது. வகுப்பில் 31 பிள்ளைகள். முதலில் திரையைப் பார்த்தார்கள், பிறகு மின்விசிறியைப் பார்த்தார்கள், அப்புறம் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள்.

கடைசியில் அவர், "கேள்வி ஏதும் இருக்கா?" என்று கேட்டார். வகுப்பு கப்சிப். நான் கண்ணாலேயே மிரட்டிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "சார், பசியாறியாச்சா?" என்றான்.

எனக்கு மானம் போயிற்று. அவரோ சிரித்துவிட்டார். "இன்னும் இல்ல தம்பி. காலையில ஆய்வுக்கூடத்துல எலிகளுக்குத் தீனி போட்டுட்டு ஓடி வந்தேன். அதுங்க சாப்பிட்டாச்சு, நான்தான் சாப்பிடல."

எலியா? எத்தனை எலி? பேர் வைத்திருக்கிறீர்களா? கடிக்குமா? ஒன்று செத்துப்போனால் என்ன செய்வீர்கள்? மீதமிருந்த ஐந்து நிமிடத்தில் ஒன்பது கேள்விகள் வந்தன. மணி அடித்துவிட்டது. அந்த 42 ஸ்லைடுகளில் ஒன்றில்கூட எலி இல்லை.

அதற்குப் பிறகு பதினான்கு சந்திப்புகள் நடத்திவிட்டேன். சில நன்றாக வந்தன, சில சுமார். உங்கள் பள்ளியில் நீங்கள் செய்து பார்க்க நினைத்தால், நான் பட்டதை நீங்களும் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

யாரை அழைப்பது

ஆளைத் தேடுவதற்கு முன் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து "விஞ்ஞானி ஒருவரை வரையுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். வேறு விளக்கம் வேண்டாம். இது பழைய சோதனை. 1983-இல் டேவிட் சேம்பர்ஸ் என்பவர் வெளியிட்ட ஆய்வில் 4,807 பிள்ளைகள் வரைந்த படங்கள் இருந்தன. அவற்றில் பெண் விஞ்ஞானியைக் காட்டியவை 28 மட்டுமே. அந்த 28-ஐயும் வரைந்தவர்கள் பெண்பிள்ளைகள். எங்கள் வகுப்பிலும் பெரிய மாற்றமில்லை: சிலிர்த்துக்கொண்ட முடி, கண்ணாடி, புகை கக்கும் குடுவை. ஒருத்தி மட்டும் தன் சித்தியை வரைந்திருந்தாள். சித்தி பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு சில்லுகளில் குறை தேடுகிறவர். "அவங்களும் வெள்ளைக் கோட்டு போடுவாங்க டீச்சர்" என்றாள். அந்தச் சித்திதான் எங்கள் இரண்டாவது விருந்தாளி. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி எப்படி ஒரு சில்லையே கெடுக்கும் என்று அவர் சொன்னபோது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே, நோபல் பரிசுக்காரரைத் தேடி அலையவேண்டாம். பேராசிரியர்களைப் பிடிப்பதும் கடினம். பிடித்தாலும் அவர்களுக்கு உரை நிகழ்த்தியே பழக்கம். முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவர்கள்தான் என் முதல் தேர்வு. தினமும் கையில் அழுக்குப் படுகிறவர்கள் அவர்கள். நேற்று எது உடைந்தது, எது வேலை செய்யவில்லை என்பதெல்லாம் அவர்களுக்கு மறந்திருக்காது. பினாங்கில் இருப்பவர்களுக்குக் குளுகோரில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. தெலுக் பஹாங்கைத் தாண்டி முக்கா ஹெட்டில் அதன் கடல் ஆய்வு மையமும் இருக்கிறது. கோலாலம்பூர்ப் பக்கம் என்றால் 1900-இல் தொடங்கிய மருத்துவ ஆய்வுக் கழகம், கெப்போங்கில் வன ஆய்வுக் கழகம், பாங்கியில் செம்பனை (எண்ணெய்ப் பனை) வாரியம். உங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்களில் யாராவது ஒருவர் இவற்றில் எங்காவது இருப்பார். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு வரி போட்டுப் பாருங்கள். எனக்கு ஒரே இரவில் நான்கு பேர் கிடைத்தார்கள். அதில் ஒருவர் காப்புறுதி முகவர் என்பது வேறு விஷயம்.

"விஞ்ஞானின்னா அமெரிக்காவுல இருப்பாங்க" என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். அப்போது நான் ஊ லியன் தே கதையைச் சொல்வேன். 1879-இல் பினாங்கில் பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்த பையன். 1910-11-இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, நோய் காற்றில் தொற்றுகிறது என்று கண்டுபிடித்து, மெல்லிய துணியும் பஞ்சும் சேர்த்து முகக்கவரி செய்து மாட்டச் சொன்னவர். கோவிட்டைப் பார்த்துவிட்ட நம் பிள்ளைகளுக்கு முகக்கவரியின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டு ஆய்வாளர்தான் வேண்டும் என்றால் ஸ்கைப் எ சயன்டிஸ்ட் என்ற அமைப்பு இருக்கிறது. கணவாய் மீன்களை ஆராயும் சாரா மெக்கனல்டி 2017-இல் தொடங்கியது. வகுப்புகளையும் ஆய்வாளர்களையும் இலவசமாகவே இணைத்துவிடுகிறார்கள். ஸ்கைப் 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேசுவதெல்லாம் சூம் போன்றவற்றில்தான்.

கடிகாரம்

இதில் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். பெங்களூரில் இருக்கும் ஒரு வானியல் ஆய்வாளரிடம் "செவ்வாய் காலை பத்து மணி" என்று எழுதினேன். யாருடைய பத்து மணி என்று எழுதவில்லை. அவர் சரியாகப் பத்து மணிக்கு வந்தார், அவர் ஊர்ப் பத்து மணிக்கு. எங்களுக்கு அப்போது 12.30. பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு பேருந்துக்கு நின்றார்கள். அவர் திரையில் தெரிந்தது நான் ஒருத்தி, காலி நாற்காலிகள், தரையில் ஒரு தண்ணீர்ப் போத்தல்.

இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். நம் பள்ளி 7.30-க்குத் தொடங்கி பன்னிரண்டரை, ஒரு மணிவாக்கில் முடிகிறது. ஆகவே 11 மணியை எடுத்துக்கொண்டால் அங்கே 8.30, யாருக்கும் சிரமமில்லை. பிரிட்டன் நமக்குச் சரிப்படாது: நம் காலை நேரமெல்லாம் அவர்களுக்கு நள்ளிரவு. ஆனால் கலிஃபோர்னியா அருமையாகப் பொருந்தும். இங்கே புதன் காலை 8 மணி என்றால் அங்கே செவ்வாய் மாலை 4 அல்லது 5; அவர்கள் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுவதால் இந்த "அல்லது". இரண்டு ஊர் நேரத்தையும், இரண்டு ஊர்க் கிழமையையும் எழுதி அனுப்புங்கள். 1982 ஜனவரி 1 வரை தீபகற்ப மலேசியாவின் கடிகாரமும் அரை மணி பின்னால்தான் இருந்தது. அது ஏன் மாறியது என்று பிள்ளைகளிடம் கேட்டுவிட்டால் ஒரு பாடவேளை அதிலேயே போய்விடும், கவனம்.

கடிதம்

நீளமாக எழுதினால் படிக்கமாட்டார்கள். நான் அனுப்புவது ஏறக்குறைய இவ்வளவுதான்:

"வணக்கம். நான் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு அறிவியல் ஆசிரியை. எங்கள் பிள்ளைகள் 31 பேர் உங்களோடு 35 நிமிடம் பேச ஆசைப்படுகிறார்கள். உரை வேண்டாம், ஸ்லைடு வேண்டாம். அவர்கள் கேட்பார்கள், நீங்கள் பதில் சொன்னால் போதும். 'தெரியாது' என்பதும் எங்களுக்குப் பதில்தான். உங்கள் வேலை மேசையில் தினமும் கிடக்கும் ஏதாவது ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கேள்விகளை நான்கு நாளைக்கு முன்பே அனுப்பிவிடுகிறேன்."

ஸ்லைடு வேண்டாம் என்று சொன்னதும் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். விட்டுக்கொடுக்காதீர்கள். இன்னொன்றும் நாசூக்காகச் சொல்லிவைக்க வேண்டும்: "நானும் உங்களைப் போலத்தான் கஷ்டப்பட்டேன், நன்றாகப் படித்தால் நீங்களும் என்னைப் போல ஆகலாம்" என்ற பேச்சு வேண்டாம். நம் பிள்ளைகள் தன்முனைப்பு (மோட்டிவேஷன்) பேச்சு கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருக்கிறார்கள். பள்ளி மண்டபத்தில் ஆண்டுக்கு நான்கு முறை கேட்பதை இயங்கலையிலும் கேட்க வேண்டுமா?

மேசைப் பொருள் விஷயம் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்தது. கடல் ஆய்வு செய்யும் ஒருவர் துருப்பிடித்த சாதாரண வடிகட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், மூன்று ரிங்கிட்டுக்கு வாங்கியதாம், மிதவை உயிரிகளைப் பிரித்தெடுக்க அதைத்தான் முதலில் பயன்படுத்துவாராம். அந்த வாரம் எங்கள் வகுப்பில் எத்தனை வீட்டுத் தேநீர் வடிகட்டி காணாமல் போனது என்று தாய்மார்களைக் கேட்டால் தெரியும்.

மைலோ டின்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். மற்றவற்றைக் கொஞ்சம் கவனக்குறைவாகச் செய்தாலும் சமாளித்துவிடலாம்.

சந்திப்புக்கு இரண்டு வாரத்துக்கு முன் வகுப்பின் மூலையில் ஒரு காலி மைலோ டின்னை வைக்கிறேன், மூடியில் ஒரு துளை. விருந்தாளி யார், என்ன ஆராய்கிறார் என்று இரண்டு வரி மட்டும் கரும்பலகையில் எழுதுகிறேன். பிள்ளைகள் துண்டுத்தாளில் கேள்வி எழுதிப் போட வேண்டும். பெயர் எழுதக்கூடாது. எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை பார்க்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆசிரியருக்கு இது எவ்வளவு கடினமான விரதம் என்பது இன்னோர் ஆசிரியருக்குத்தான் புரியும்.

ஒரு வாரம் கழித்து டின்னைத் தரையில் கவிழ்த்து, எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பிரிக்கிறோம். புத்தகத்திலோ கூகிளிலோ கிடைக்கும் பதில் ஒரு பக்கம். இந்த ஓர் ஆளிடம் மட்டுமே கிடைக்கக்கூடிய பதில் மறுபக்கம். பூச்சிகளை ஆராயும் ஒரு பெண் வரவிருந்தபோது வந்த சீட்டுகளைச் சொல்கிறேன். "வண்டுக்கு எத்தனை கால்?" ஆறு, மூன்றாம் பக்கம் பார், தள்ளு. "எத்தனை வகை வண்டு இருக்கு?" தள்ளு. "உங்களுக்கு வண்டுன்னா பயமா?" வை. "முதல் தடவை பிடிச்சப்ப கையிலேயே பிடிச்சீங்களா?" வை. "வண்டைக் கொல்றப்ப பாவமா இருக்குமா?" இதற்கு வகுப்பே ஒரு நிமிடம் யோசித்தது. வைத்தோம், முதல் ஐந்தில். "சம்பளம் எவ்வளவு?" இதை நான் ஒளித்துவைக்கப் பார்த்தேன், பிள்ளைகள் விடவில்லை. அனுப்பினோம். அவரும் மறைக்காமல் சொன்னார்.

தள்ளிய சீட்டுகளையும் குப்பையில் போடாதீர்கள். எழுதிய பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். "இதையே அவங்களை மட்டும் கேட்கிற மாதிரி மாத்தலாமா?" என்று கேளுங்கள். வண்டுக்கு எத்தனை கால் என்பது, "கால் உடைஞ்ச வண்டை என்ன பண்ணுவீங்க?" என்று மாறியது. நான் ஒரு சொல்கூட எடுத்துக்கொடுக்கவில்லை.

இப்படி 18 கேள்விகள் போல எடுத்து வரிசைப்படுத்துவோம். வரிசை முக்கியம். அனைத்துலக விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களோடு பள்ளிப் பிள்ளைகள் அமெச்சூர் வானொலியில் பேசும் ஏற்பாடு ஒன்று உண்டு, அரிஸ் என்பார்கள். நிலையம் ஓர் ஊரின் அடிவானத்தில் எழுந்து மறுபக்கம் மறைவதற்குள் கிடைப்பது சுமார் 10 நிமிடம். அதற்குள் கேட்டு முடிக்க வேண்டும், தட்டுத் தடுமாற நேரமில்லை. அதைப் பற்றிப் படித்த பிறகு நானும் அதே போல ஒத்திகை பார்க்கிறேன்: ஒருவர் கேட்கும்போதே அடுத்தவர் எழுந்து நிற்க வேண்டும். ஆனால் நமக்கு 35 நிமிடம் இருக்கிறது. பதிலில் ஏதாவது கிளம்பினால் வரிசையைக் கிழித்துப்போட்டுவிட்டு அதன் பின்னால் போகலாம். எலி கதை அப்படி வந்ததுதானே.

மொழி

விருந்தாளிக்குத் தமிழ் தெரியாவிட்டால் என்ன செய்வது என்று பலரும் கேட்கிறார்கள். பிள்ளை தமிழிலேயே கேட்கட்டும், நீங்கள் மொழிபெயருங்கள். நேரம் இரட்டிப்பாகும், ஆகட்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோதான் கேட்க வேண்டும் என்றால் நன்றாகப் பேசத் தெரிந்த அதே மூன்று பேர்தான் எழுந்து நிற்பார்கள். சந்திப்புக்குத் தேவையான பத்துப் பன்னிரண்டு சொற்களை மூன்று மொழியிலும் கரும்பலகையில் எழுதிவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தமிழ் தெரிந்தும் ஆங்கிலத்தில் படித்த ஆய்வாளர்கள் இன்னொரு ரகம். அந்தப் பூச்சி ஆய்வாளர் தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ்தான், ஆனால் ஆய்வெல்லாம் ஆங்கிலம். "அந்தப் பூவுல இருக்கிற… அந்த பவுடர்… என்னது அது…" என்று அவர் தேடியபோது 31 பிள்ளைகளும் ஒரே குரலில் "மகரந்தத்தூள்!" என்று கத்தினார்கள். அவர் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் வேண்டுமென்றே தடுமாறினாரோ என்று எனக்குச் சந்தேகம்.

அறையும் ஒலிவாங்கியும்

படம் மங்கலாக இருந்தால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், சத்தம் கேட்கவில்லை என்றால் ஐந்தே நிமிடத்தில் கைவிட்டுப் போய்விடும். ஆகவே பணம் இருந்தால் ஒலிவாங்கிக்குச் செலவழியுங்கள். யூஎஸ்பியில் செருகுகிற சாதாரண ஒன்று போதும். தகரக் கூரைக்குக் கீழே நடத்தாதீர்கள். மழை பிடித்துக்கொண்டால் ஆண்டவனாலும் ஒன்றும் செய்யமுடியாது. நாங்கள் நூலகத்துக்கு மாறிவிட்டோம். மின்விசிறியை நடுத்தர வேகத்தில் வைக்க வேண்டும். முழு வேகம் என்றால் அந்தப் பக்கம் ஹெலிகாப்டர் போலக் கேட்குமாம்.

மடிக்கணினிக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி. அதற்குப் பெயர் கேள்வி நாற்காலி. யார் கேட்கிறாரோ அவர் மட்டும் அதில் உட்கார்ந்து, விருந்தாளியின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். மற்றவர்கள் பின்னால் லாடம் போல அரைவட்டத்தில். இதற்கு முன் பிள்ளைகள் இருந்த இடத்திலிருந்தே கத்திக்கொண்டிருந்தார்கள். விருந்தாளிக்குத் தெரிந்ததெல்லாம் தலைகளின் கூட்டம். நாற்காலியில் உட்கார்ந்ததும் பிள்ளையின் குரலே மாறிவிடுகிறது. ஒரு முகத்தோடு பேசுகிறோம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது போல.

முதல் நாளே, அதே அறையில், அதே நேரத்தில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் எல்லாரும் இணையத்தில் ஏறும்போது வேகம் எப்படி இருக்கிறது என்பது மாலையில் சோதித்தால் தெரியாது. கைத்தொலைபேசியின் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்திருங்கள். வரவேற்புரை கட்டாயம் என்றால் சந்திப்பு தொடங்குவதற்கு முன் முடித்துவிடுங்கள். பொன்னாடையைத் திரைக்குப் போர்த்த முடியாது என்பதை எங்கள் சங்கத் தலைவருக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு சந்திப்புகள் பிடித்தன.

வாய் திறக்காத பிள்ளைகள்

பிரிட்டனில் 2008-இல் தொடங்கிய ஐ'ம் எ சயன்டிஸ்ட் என்ற திட்டத்தில் முகமே கிடையாது. பிள்ளைகளும் ஆய்வாளர்களும் வெறும் எழுத்தில், நேரலையில் உரையாடுவார்கள். பிடித்த ஆய்வாளருக்குப் பிள்ளைகள் வாக்களிப்பார்கள். அது அவர்கள் ஊர்ப் பள்ளிகளுக்கானது, ஆனால் வழிமுறையைக் கடன் வாங்க யாரும் தடுக்கவில்லை. நாங்கள் டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) கணக்கில் இருக்கும் கூகிள் கருவிகளை வைத்தே ஒரு பகிர்வு ஆவணத்தைத் திறந்து, மூன்று ஆய்வாளர்களை உள்ளே விட்டு, 40 நிமிடம் எழுத்திலேயே பேசினோம்.

இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு கணினி. ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் யோசிக்க. பாதியில் இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். தமிழில் தட்டச்சு செய்யத் தெரியாதே என்று கவலைப்படாதீர்கள், ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள். முரசு அஞ்சல், செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களை உலகத்துக்குக் கொடுத்த நாட்டில் இருந்துகொண்டு அந்தக் கவலை நமக்கு எதற்கு? என் வகுப்பில் ஒரு பெண். மூன்று ஆண்டுகளாக அவள் குரலை நான் வருகைப்பதிவில் "உள்ளேன் டீச்சர்" என்று மட்டுமே கேட்டிருக்கிறேன். அன்றைக்குப் பதினோரு கேள்வி எழுதினாள். அதில் ஒன்று: "உங்கள் முடிவு தவறு என்று வேறு ஒருவர் சொன்னால் உங்களுக்கு அழுகை வருமா?" மூன்று ஆய்வாளர்களில் இரண்டு பேர் "வரும்" என்று எழுதினார்கள். மூன்றாமவர் "அழமாட்டேன், ஆனால் அன்று இரவு தூங்கமாட்டேன்" என்றார்.

பாதுகாப்பு

இதில் சமரசம் கிடையாது. பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள், தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஆய்வாளரின் பின்னணியை அவருடைய நிறுவனத்தின் வழியாக உறுதிசெய்யுங்கள். இணைப்பு உங்கள் பள்ளிக் கணக்கிலிருந்து போகட்டும்; காத்திருப்பு அறையை வைத்து, தெரிந்தவரை மட்டும் உள்ளே விடுங்கள். பிள்ளைகள் முதற்பெயரை மட்டும் சொல்லட்டும். முகவரி, தொலைபேசி எண், முகநூல் எதுவும் எந்தப் பக்கமும் கைமாறக்கூடாது. ஆய்வாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒரு பிள்ளையோடு தனியாகப் பேசும் ஏற்பாடு வேண்டாம். பிறகு வரும் கடிதங்கள் எல்லாம் ஆசிரியர் வழியாகவே போய்வர வேண்டும். பதிவு செய்வதாக இருந்தால் இரு பக்கமும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நான் பெரும்பாலும் பதிவே செய்வதில்லை, பதிவாகிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் பேச்சுப்போட்டித் தமிழுக்குத் தாவிவிடுகிறார்கள்.

மணி அடித்த பிறகு

மறுநாள் முதல் பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். பதில் கிடைக்காத கேள்விகள், பதிலிலிருந்து பிறந்த புதுக் கேள்விகள் எல்லாம் திரும்ப டின்னுக்குள் போக வேண்டும். மீண்டும் விஞ்ஞானியை வரையச் சொல்லுங்கள், பழைய படத்தையும் பக்கத்தில் ஒட்டுங்கள். நன்றிக் கடிதம் எழுதச் சொன்னால் "தாங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் நான் நன்றிக் கடிதம் கேட்பதில்லை. "நேற்றைக்கு அவங்க சொன்னதுல நீ வீட்டுல போய் யார்கிட்ட என்ன சொன்ன? அதை எழுது" என்கிறேன். அதைத்தான் ஆய்வாளருக்கு அனுப்புகிறோம்.

அந்தப் பூச்சி ஆய்வாளர் சந்திப்பில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவர் ஆராய்வது செம்பனைப் பூவில் வாழும் ஒரு கூன்வண்டு, அரிசியைவிடச் சின்னது. மேசைப் பொருளாக ஒரு கண்ணாடிப் புட்டியில் பத்துப் பதினைந்தை வைத்திருந்தார். செம்பனை ஆப்பிரிக்க மரம். இங்கே மரம் வந்தது, 1917-இல் சிலாங்கூரில் முதல் வணிகத் தோட்டமும் போட்டார்கள், ஆனால் மகரந்தத்தைத் தூக்கிச் செல்லும் அதன் வண்டு வரவில்லை. அதனால் காய் சரியாகப் பிடிக்காத தோட்டங்களில் ஆள் வைத்து மகரந்தத்தூளை டால்கம் மாவோடு கலந்து பெண்பூக்களில் ஊதவைத்தார்கள். ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் கேமரூனுக்குப் போய் அங்கே இந்த வேலையைச் செய்வது வண்டுதான் என்று கண்டறிந்தார். பிறகு அது வேறு பயிரைத் தின்னுமா என்று சோதித்து, 1981-இல் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். ஆண்பூவில் சோம்பு போல ஒரு வாசனை வரும், வண்டு அங்கேதான் தின்று முட்டையிடும். பெண்பூவும் அதே போல ஒரு வாசனையை விட்டு வண்டை ஏமாற்றிக் கூப்பிடும். வரும் வண்டின் உடம்பில் மகரந்தம் ஒட்டியிருக்கும். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி நாற்காலியில் ஒரு பையன் உட்கார்ந்தான். கையிலிருந்த சீட்டைப் பார்க்கவில்லை. "எங்க பாட்டி அந்த மாவு ஊதுற வேலை செஞ்சாங்க. வண்டு வந்த அப்புறம் அவங்களுக்கு வேலை போயிடுச்சா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. புட்டியைக் கீழே வைத்தார். எனக்கு ஏதாவது சொல்லி இடைவெளியை நிரப்பிவிட வேண்டும் என்று வாய் துடித்தது. பொறுத்துக்கொண்டேன். நீங்களும் அந்த நேரத்தில் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிறகு அவர், "தெரியலையே கண்ணா. நான் வண்டைப் பத்தித்தான் படிச்சேன். அந்த வேலை செஞ்சவங்களைப் பத்திப் படிக்கல. பாட்டிகிட்ட கேட்டு எனக்குச் சொல்றியா?" என்றார்.

பாட்டிக்கு வேலை போகவில்லையாம். உதிரிப்பழம் பொறுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்களாம், முதுகுவலி அப்போது வந்ததுதானாம். பையன் அதை அரைப்பக்கத்தில் எழுதிவந்தான். அனுப்பினேன். மூன்றாம் நாள் ஆய்வாளரிடமிருந்து பாட்டிக்குக் கேள்விகள் வந்தன: ஒரு நாளைக்கு எத்தனை மரம்? எந்தப் பூ தயார் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அப்போது பூவில் வேறு சின்னப் பூச்சிகளைப் பார்த்த ஞாபகம் இருக்கிறதா? பாட்டிக்கு எழுத வராது. பேரன் அம்மாவின் கைத்தொலைபேசியில் குரலைப் பதிவுசெய்து கொண்டுவந்தான், ஏழு நிமிடம். மூன்றாவது கேள்விக்குப் பாட்டி விரிவாகப் பதில் சொல்லும்போது நடுவில் குக்கர் விசில் அடித்தது. அதை வெட்டாமல் அப்படியே அனுப்பிவிட்டோம்.